பின்சீட்டுக்கு அடியில் ஒரு பேஸ் பெட்டி: இரண்டு தடவை காசு கொடுத்த கதை

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரும் வழியில் கோமங்கலம் தாண்டி வண்டி பஞ்சர். மணி பத்தே முக்கால், தூறல் வேறு. ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கி பின்சீட்டுக்கு அடியில். அந்த ஜாக்கிக்கு மேலே, ஒன்பது நாளுக்கு முன்னால் 26,000 ரூபாய் கொடுத்து வைத்த, கனமான கீழ்ச் சத்தத்தை மட்டும் தருகிற சப்-வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி. பெட்டியைத் தரையோடு பிடித்துக்கொண்டு எட்டு ஸ்க்ரூ.

ஸ்க்ரூடிரைவர் எங்கே என்கிறீர்களா? ஜாக்கிப் பைக்குள்.

தேங்காய் லோடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங்க, இவ்வளவு பெரிய வண்டி வெச்சிருக்கறீங்க, ஒரு ஜாக்கி இல்லீங்களா?" என்றார். "இருக்குதுங்க, பாட்டுப் பெட்டிக்கு அடியில இருக்குதுங்க" என்றேன். மனுஷன் சிரிக்கக்கூட இல்லை. தன் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்து அவரே படுத்துப் போட்டுவிட்டார். திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

ஆகவே இது இரண்டு வேலைகளைப் பற்றிய விமர்சனம். முதல் வேலை கோவையில் கண்ணாடிக் கதவு, ஏ.சி., காபி மெஷின் எல்லாம் வைத்த ஒரு பெரிய கடை. இரண்டாவது, தகரக் கொட்டகைக்குள் ஒரே ஆளாக வேலை பார்க்கும் ஒருவர். முதல் கடையின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. இரண்டாமவரின் பெயரை எழுத அவருக்கு மனமில்லை. "இருக்கற வண்டியே முடிக்க முடியலீங்க, நீங்க வேற எழுதி விட்டுராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

வண்டி 2018 இசுசு வி-கிராஸ். ஆனைமலைப் பக்கம் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். பின்னால் திறந்த தொட்டியில் நாற்றும் ஈரச் சாக்கும், உள்ளே அஞ்சு பேர் உட்கார இடம், அதுதான் இந்த வண்டியை வாங்கக் காரணம். இந்த மாதிரி வண்டிக்கு டிக்கி கிடையாது. காரில் டிக்கியில் பெட்டியைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. இதில் பின்சீட்டின் முதுகு கேபினின் பின்சுவரை ஒட்டியே நிற்கிறது. பெட்டி வைக்க மிச்சமிருக்கும் ஒரே பொந்து, சீட் மெத்தைக்கு அடியில்.

மச்சான் தன் பிரெஸ்ஸாவில் ஜே.பி.எல். பேஸ்புரோ எஸ்.எல். போட்டிருக்கிறார். 8 அங்குல வூஃபரும், அதற்குச் சத்தத்தைப் பெருக்கித் தருகிற 125 வாட் ஆம்பும் ஒரே சப்பைப் பெட்டிக்குள் இருக்கும் சமாச்சாரம். முன்சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. பெட்டி கட்டுகிற வேலையே இல்லை. பாட்டுக்கு ஒரு அடித்தளம் போதும் என்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு அதை வாங்கலாம், நல்ல பொருள். எனக்குத் தவிலில் தொப்பிப் பக்கம் கழி விழுகிறபோது வயிற்றில் தெரிய வேண்டும். உறுமியில் குச்சி இழுபடும்போது அந்த முனகல் கீழே இறங்குவது தனியாகக் கேட்க வேண்டும். சின்ன வயதில் கோயில் நோன்பில் மேளக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நின்று காது கெட்டவன் நான்.

அதனால் ஆழம் குறைந்த 10 அங்குல வூஃபர் ஒன்றும், அதற்கு ஒரு மோனோ ஆம்பும். வூஃபர் டப்பாவில் கொட்டை எழுத்தில் 1200 வாட் என்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். உள்ளே சின்ன எழுத்தில் 300 வாட் ஆர்.எம்.எஸ். என்று இருப்பதுதான் அது நாள் பூராவும் தாங்குகிற கணக்கு. ஆம்பும் அந்த அளவுக்குத்தான் எடுக்க வேண்டும். இந்தத் தேர்வு மட்டும் முதல் கடையில் ஒழுங்காக நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அதற்கப்புறம் நடந்தது வேறு. பெட்டி ரெடிமேடாக மாடியிலிருந்து இறங்கியது. 18 அங்குல நீளம், 12 அகலம், 5 உயரம், அரை அங்குலத் தூள்பலகை, மேலே கறுப்புக் கார்பெட். சீட்டைத் தூக்கினார்கள், ஜாக்கி கிடந்தது. அதை எடுத்து வேறு இடத்தில் வைப்போமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு மேலேயே பாலம் மாதிரி கட்டை கொடுத்துப் பெட்டியை நிறுத்தி, நாலு எல்-கிளாம்பில் எட்டு ஸ்க்ரூவைத் தரைத் தகட்டில் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தகட்டுக்கு அடியில் டீசல் பைப் போகிறதா, பிரேக் லைன் போகிறதா என்று வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்த ஆள் கிடையாது. எதிலும் ஏறாமல் போனது என் அம்மா கும்பிடும் மாசாணியம்மன் புண்ணியம். நானும் அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாளே மகள் சொன்னாள், "அப்பா, சீட்டு என்னைய எட்டி உதைக்குதுப்பா." அவள் உட்கார்ந்ததும் மெத்தை இறங்கி வூஃபரின் கூம்பில் உட்கார்ந்துவிடுகிறது. மேலே ஒரு கம்பி வலைகூட இல்லை. சத்தமோ, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டம்". தவிலும் டம், பேஸ் கிட்டாரும் டம், சினிமாவில் கார் கதவைச் சாத்தினாலும் டம். போதாததற்கு, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் கொசு ஒன்று மேல் ஸ்தாயிக்கு ஏறும். காலை எடுத்தால் இறங்கும். பஞ்சரான மறுநாள் திரும்பப் போய்க் கேட்டேன். "வாரன்டி ஸ்பீக்கருக்குத்தான் சார், ஃபிட்டிங்குக்குக் கிடையாது" என்றார்கள். காபி கொடுத்தார்கள்.

தகரக் கொட்டகைக்காரரைச் சொன்னது எங்கள் டிங்கரிங் மேஸ்திரி. கொட்டகைக்காரர் அடிப்படையில் தச்சர். ஒரு காலத்தில் மேடைக் கச்சேரி ஸ்பீக்கருக்குப் பெட்டி அடித்தவராம், ஆம்ப் பழுது பார்ப்பதும் அங்கேயே படிந்ததாம். வண்டியை விட்டதும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. சீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "இதுக்கடியில என்னென்ன வெப்பீங்க, சொல்லுங்க" என்றார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு, குடை, இரண்டு சாக்கு. ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து அவர் செய்ததை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் குரல் கொடுத்து ஒரு கிண்ணத்தில் சப்பாத்தி மாவு வாங்கி வந்தார். தரையில் ஆறு இடத்தில் செங்கல் துண்டும் தெர்மாகோலும் அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மாவு உருண்டை. சீட்டை இறக்கினார். "நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" தொண்ணூற்று நாலு என்றேன். "போதுமுங்க, ஏறி உக்காருங்க. ரெண்டு குதி குதிங்க." குதித்தேன். சீட்டைத் தூக்கினால் உருண்டைகள் ஒவ்வொரு தினுசாக நசுங்கியிருந்தன. முன் வரிசை உருண்டைகள் கொஞ்சமாக, பின் வரிசை நன்றாகவே. அடுக்கையும் மாவையும் சேர்த்து ஸ்கேலில் அளந்தார். ஆள் ஏறின சீட்டுக்கு அடியில் முன்பக்கம் ஏழேகால் அங்குலம், பின்பக்கம் ஆறு. ஆள் இல்லாதபோது அளந்ததைவிட முக்கால் அங்குலம் வரை குறைவு. மகளை உதைத்தது அந்த முக்கால் அங்குலம்தான்.

அப்புறம் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு பொம்மைப் பெட்டி செய்து உள்ளே வைத்துப் பார்த்தார். ஆப்பு மாதிரி சாய்ந்த வடிவம்: முன்பக்கம் ஆறேகால் அங்குல உயரம், பின்பக்கம் அஞ்சு. அடியில் வரும் ரப்பர் பாதம் போகக் கூம்பு முன்னும் பின்னும் அசைய முக்கால் அங்குலம் இடைவெளி, அதற்குள் ஒரு வளைந்த கம்பி வலை. கணக்கையும் எனக்கே போட்டுக் காட்டினார். பெட்டிக்கு உள்ளளவு நீளம் 26, அகலம் 12, சராசரி உயரம் நாலேகாலுக்கு நூல் குறைவு. மூன்றையும் பெருக்கி 1728ஆல் வகுத்தால் கன அடி வரும்; ஏறக்குறைய முக்கால் வந்தது. வூஃபரின் உடம்பும் உள்ளே கொடுக்கும் குறுக்குக் கட்டையும் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்தால் 0.65. என் வூஃபரோடு வந்த தாளில் அரை முதல் முக்கால் கன அடி என்று இருந்தது. பழைய பெட்டியையும் அதே மாதிரி பெருக்கச் சொன்னார். உள்ளளவு 17, 11, 4. வகுத்தால் 0.43. வூஃபர் அடைத்ததுபோகக் கிட்டத்தட்ட ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது.

"அடைச்ச பெட்டிக்குள்ள இருக்கற காத்துதாங்க ஸ்பிரிங்கு. பெட்டி சின்னதானா ஸ்பிரிங்கு விறைப்பாயிரும். கீழ் சத்தம் வராது, நடுவுல ஒரு எடத்துல மட்டும் முட்டும்" என்றார். அந்த ஒரே "டம்"முக்கு அதுதான் விளக்கம். நான் வூஃபரைத்தான் சந்தேகப்பட்டு, மாற்றலாமா என்றுகூட விலை விசாரித்திருந்தேன். துளை போட்ட பெட்டி செய்யலாமே, சத்தம் கூடுமே என்று கேட்டேன். அதற்கு இதைவிடப் பெரிய பெட்டி வேண்டும், நீளக் குழல் வைக்கவும் இடம் வேண்டும், இந்தப் பொந்தில் ஆகாது என்றுவிட்டார். தவிர, இவ்வளவு சின்ன கேபினே கீழ் ஸ்தாயியைத் தானாகக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அடைத்த பெட்டியிடம் இல்லாத குறையில் பாதியை வண்டியே ஈடு செய்துவிடும் என்பது அவர் வாதம். இப்போது கேட்கும்போது சரி என்றுதான் படுகிறது.

பலகை 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். ஐ.எஸ். 710 முத்திரையைக் காட்டிவிட்டுத்தான் அறுத்தார். மர இழையை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை சத்தத்துக்கு நல்லதுதான், ஆனால் ஈரம் பட்டால் ஊதிப்போகும். என் வண்டியில் ஈரச் சாக்கும் சேற்றுக் காலும் ஏறாத நாளில்லை. தண்ணீரடித்துக் கழுவினால் சீட்டுக்கு அடியில் ஒரு குளம் நிற்கும். பழைய தூள்பலகைப் பெட்டியின் அடிமூலை அதற்குள்ளேயே பொரி மாதிரி உப்பியிருந்ததை விரலால் கிள்ளிக் காட்டினார். புதுப் பெட்டிக்கு அடியில் கால் அங்குல ரப்பர் பாதம், ஆம்புக்கு ஒரு பிளைவுட் மேடை. இரண்டும் தரையைத் தொடுவதில்லை.

மூட்டுகளுக்குப் பசை, ஸ்க்ரூ, உள்பக்கம் சீலன்ட். வூஃபரை மர ஸ்க்ரூவில் முடுக்காமல், பலகைக்குப் பின்னால் டி-நட் என்கிற இரும்பு மரையைப் பதித்துப் போல்ட்டில் முடுக்கினார். நாலு தடவை கழற்றி மாட்டினாலும் துளை தேயாது. உள்ளே திணிக்க ஒரு புதுத் தலையணையைக் கிழித்து அதன் ஃபைபர் பஞ்சைப் பிரித்துப் போட்டார். அந்தப் பஞ்சு இருந்தால் பெட்டி தன்னைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள்ளுமாம். தலையணைக்கு 180 ரூபாய் தனியாக வாங்கினார், அது பில்லில் இருக்கிறது.

எல்லாம் முடித்தபின் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினார். பூஜை போடுகிறார் என்று நானும் செருப்பைக் கழற்றினேன். போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் என்கிற அடி ஆழச் சத்தத்தை ஓட விட்டு, பத்தியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோனார். காற்று கசிந்தால் புகை அந்த இடத்தில் விக்கும். வயர் வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில் விக்கியது. கொஞ்சம் சீலன்ட் வைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி பத்தி. இரண்டாம் தடவை புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போனது.

வயரிங்கை விலாவாரியாகச் சொன்னால் உங்களுக்கு அலுத்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் கடை போட்டிருந்த சிவப்பு வயரின் நுனியை பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கட்டை விரல் தண்டியில் தெரிந்த வயரில் பாதி வெறும் உறை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுச் செம்பு 8 கேஜ் போட்டார். பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ். பழையதில் ஃப்யூஸ் ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் அது ஆம்பைக் காப்பாற்றும், வழியில் வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வண்டியைக் காப்பாற்றாது. கொசுவுக்குக் காரணம் எர்த், அதாவது ஆம்பின் மைனஸ் வயர் வண்டித் தகட்டில் சேரும் இடம். பெயின்ட் அடித்த சீட் பெல்ட் போல்ட்டில் செருகியிருந்தார்கள். பெல்ட் போல்ட்டில் கை வைப்பதே தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டு, பக்கத்தில் வேறொரு போல்ட்டைப் பிடித்து, தகடு கண்ணாடி மாதிரி மின்னும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பவர் வயர் வண்டியின் ஒரு ஓரமாக, சிக்னல் வயர் மறு ஓரமாக. கொசு செத்தது.

இனி சத்தம். அதே வூஃபர், அதே ஆம்ப், அதே டேப். மாறியது பெட்டியும் வயரும் மட்டும். முதலில் பேஸ் குறைந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. அந்த "டம்" காணாமல் போயிருந்தது. 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் வூஃபருக்குப் போகாமல் வெட்டி வைத்து, டிரைவர் சீட்டில் என்னை உட்கார வைத்து, கூம்பு தள்ளும் திசையை மாற்றுகிற ஃபேஸ் சுவிட்சை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளி எதில் அடி கனமாக இருக்கிறது என்று கேட்டார். இரண்டாவதில். அப்படியே விட்டார். தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். வலந்தலை கதவு ஸ்பீக்கரில் பொரிகிறது, தொப்பி இடுப்புக்குக் கீழே விழுகிறது, இரண்டும் ஒரே மேளம் என்று காது ஒப்புக்கொள்கிறது. உறுமி முனகியபடி இறங்கும்போது எந்த இடத்திலும் முட்டாமல் முழுசாக இறங்குகிறது. சத்தத்தைக் கூட்டினால் பின்னால் இருப்பவர்களுக்கு முதுகில் ஓர் அதிர்வு தெரியும், அது இந்த இடத்தில் பெட்டி வைப்பதன் விதி. மகளுக்குப் பிடித்திருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குள் வந்தால் அம்மா வழிதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றவர் பதினோரு நாள் எடுத்தார். நடுவில் அஞ்சு நாள் போனை எடுக்கவில்லை, சொந்தத்தில் கல்யாணமாம். மேலே ஒட்டின கார்பெட் ஒரு மாதிரி கத்தரிப்பூக் கறுப்பு, வண்டியின் கறுப்போடு சேரவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிப் பார்த்தேன். பெட்டி இம்மி அசையவில்லை, ஆனால் பின்சுவர்த் தகடு ஒரு குறிப்பிட்ட சுருதியில் சலசலக்கிறது. அதற்கு அதிர்வு தாங்கும் பியூட்டைல் ஷீட் ஒட்ட வேண்டும், சீட் முதுகையே கழற்றுகிற வேலை. இன்னும் ஒட்டவில்லை. அதுவரை நடுசீட் பெல்ட் கொக்கிக்கு ஒரு பழைய சாக்ஸ் மாட்டி வைத்திருக்கிறேன், பாதிச் சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

செலவு: பெட்டி 5,500, வயரும் ஃப்யூஸும் 2,600, கூலி 1,700, அந்தத் தலையணை 180. மொத்தம் 9,980 ரூபாய். முதல் கடையிலேயே இதைச் செய்திருந்தால் பழைய பெட்டிக்கும் வயருக்கும் கொடுத்தது மிச்சம். பழைய பெட்டியை நாய்க்குப் போடலாம் என்று எடுத்து வந்தேன். நாய் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

பெட்டி இடது பாதியில், ஆம்பும் ஜாக்கியும் வலது பாதியில். பெட்டியைப் பிடித்திருப்பது தரையில் ஏற்கெனவே இருந்த இரண்டு போல்ட். மேலே கையால் திருகும் காது நட். வண்டியை ஒப்படைக்கும் முன் அவர் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, "இப்ப ஜாக்கிய எடுங்க பாக்கலாம்" என்றார். இருட்டில் சீட்டைத் தூக்கிக் கையை விட்டேன். ஜாக்கி ஒரு வார்ப்பட்டையில் நின்றது, ஸ்பேனர் அதன் பக்கத்தில், பையில் ஸ்க்ரூடிரைவர். மூன்றும் வெளியே வந்துவிட்டன. விளக்கைப் போட்டார், பில்லைக் கொடுத்தார்.

சிகரெட் அட்டையில் எழுதினதில் குடைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. இப்போதைக்கு டிரைவர் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் செருகி வைத்திருக்கிறேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் ரோட்டில் விழுகிறது.